ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு: தொடரலாமா, விட்டுவிடலாமா?

பலசரக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சென்னையில் அம்பத்தூர் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் இறங்கியே இருக்கும் என்பது அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம். "நாம வேற மாதிரி இருக்கோம்னு நாலு பேருக்குத் தெரியணும்ல" என்பார். மற்றபடி காலையில் ஐந்தரைக்கு வீட்டு ஜெபம், அதன் பிறகுதான் கடைச் சாவியைக் கையில் எடுப்பேன். பீடி, சிகரெட், பான்பராக் விற்பதில்லை. தராசு முத்திரை போட்டது. எடையில் ஒரு கிராம் குறைத்ததில்லை.

இப்போது தெருமுனையில் ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்று வந்துவிட்டது. வேலைக்குப் போகிற குடும்பங்கள் மொத்தச் சாமானும் ஞாயிறுதான் வாங்குகிறார்கள். இருபது வருஷமாக என்னிடம் பற்று வைத்து வாங்கியவர்கள் கட்டைப்பையோடு அந்தப் பக்கம் நடக்கிறதை, ஆராதனை முடிந்து வரும்போது நான் பார்க்கிறேன். "ஆராதனை முடிஞ்சு பன்னிரண்டு மணிக்குத் திறந்தா என்ன பாவம்?" என்று மைத்துனர் கேட்கிறார். மகள் கல்லூரிக்குப் போக வேண்டிய வருஷம் இது.

திறக்கலாமா? வேதத்தை அறிந்தவர்களும் அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான்

அண்ணாச்சி, திறக்காதீங்க. என் கட்சி இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்க தாத்தா பனையேறி, மெய்ஞ்ஞானபுரம் பக்கம். பனைத்தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பாளையை தினமும் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும், அதோடு அந்த மரம் அந்தப் பருவத்துக்குப் போச்சு. ஆகையால் தாத்தா ஞாயிறும் ஏறுவார், வேறு வழி கிடையாது. ஆனால் அன்றைக்கு இறக்கிய பதநீரை விற்க மாட்டார், காய்ச்சவும் மாட்டார். களத்து ஓரத்தில் கலயத்தை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். யார் வேண்டுமானாலும் பனையோலைப் பட்டை பிடித்துக் குடிக்கலாம், எந்த சாதி, எந்த மதம் என்று ஒரு கேள்வியும் கிடையாது. ஏழு பிள்ளை பெற்ற குடும்பம், பருவத்தில் கிடைத்தால்தான் வருஷம் ஓடும். அப்படியிருந்தும் ஏழில் ஒரு பங்கு வருமானத்தை விட்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தை பிறந்து ஆடி வரைக்கும் அந்தக் கலயம்தான் அவர் செய்த பிரசங்கம். மகள் படிப்புக்குத் தேவன் வழி திறப்பார் அண்ணாச்சி, நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கீழ்க்கட்டளை தம்பி

அண்ணன் சொன்ன தாத்தா கதையைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து.

ரோமர் 14ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான் என்று சொல்லிவிட்டு, அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று பவுல் விட்டுவிடுகிறார். கொலோசெயர் 2ஆம் அதிகாரத்திலும் ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்கிறார். ஞாயிறு மதியம் கடை திறந்தால் நரகம் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் போராட்டம் வேறு. ஐ.டி. கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு, அதனால் ஓய்வுநாளை ஆசரிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எனக்குச் சோதனை ஜனவரி மாதத்தில் வரும். வருமான வரிக் கழிவுக்கு வாடகை ரசீது கொடுக்கச் சொல்வார்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே மாமனார் பெயரில் ரசீது எழுதிக் கொடுக்காத ஆளே எங்கள் டீமில் இல்லை. நானும் மூன்று வருஷம் கொடுத்தேன். அதே மூன்று வருஷமும் வாலிபர் ஐக்கியத்தில் செயலாளராகவும் இருந்தேன். போன வருஷம்தான் நிறுத்தினேன். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கையில் குறைகிறது. இதில் யாரும் என்னைப் பார்த்து "நீ வேற மாதிரி இருக்கிறாயே" என்று சொல்லப் போவதில்லை. சொல்ல மாட்டார்கள் என்பதால்தானோ என்னவோ, ஆராதனைக்குப் போவதைவிட இது எனக்குக் கடினமாக இருந்தது.

நாசரேத் டீச்சர்

தம்பி, எழுதினதுக்கு நன்றி. மூன்று வருஷம் கொடுத்ததை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதுக்கும் சேர்த்து.

பலசரக்கு அண்ணாச்சியிடம் ஒன்று கேட்கணும். கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்களே, எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்ன செய்கிறார்கள்?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், பத்துக் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமத்தில் வருவதைத்தான் நாம் ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் பண்ணினோம், ஆறு நாளில் உலகம் படைத்த காரணம் அங்கேதான் வரும். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளைக்குக் காரணமே வேறு. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை மறக்காதே என்று வரும். 31 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த "உன்னைப்போல" கண்ணில் பட்டது ஓய்வு பெற்ற பிறகுதான். வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவுக்கு நான் ஞாயிறு லீவு கொடுத்ததே இல்லை. ஞாயிறுதான் எங்கள் வீட்டில் கறி, பாத்திரமும் அன்றைக்குத்தான் அதிகம்.

தேரிக்காட்டான்

டீச்சர் நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. அண்ணாச்சி பதில் சொல்வார்.

கீழ்க்கட்டளை தம்பி

இரண்டு நாள் ஆகிவிட்டது. அண்ணாச்சி இருக்கீங்களா?

பலசரக்கு

இருக்கிறேன் தம்பி. டீச்சர் கேள்வியைப் படித்தேன். உடனே எழுதக் கை வரவில்லை.

இரண்டு பையன்கள். ஒருவன் செஞ்சி பக்கத்துக்காரன், வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னொருவன் ஒடிசா, இரண்டு வருஷம். கடைக்கு மேலே பரணில்தான் படுக்கை. சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் போகும். சம்பளத்தில் ஒரு ரூபாய் பாக்கி வைத்தது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் குடும்பமாக ஆராதனைக்குப் போவோம். ஷட்டருக்கு உள்ளே அவர்கள் இரண்டு பேரும் பொட்டலம் போடுவார்கள். துவரம்பருப்பு அரைக்கிலோ, உளுந்து அரைக்கிலோ, மிளகாய் நூறு கிராம். மூட்டை உடைக்க, சலிக்க, காம்பு கிள்ள என்று ஒரு வாரத்து வேலை இருக்கும். மூன்று மணி, நாலு மணி ஆகிவிடும். அதற்கு மேல் அவர்கள் துணி துவைப்பார்கள். முழு லீவு என்றால் பொங்கல், தீபாவளி, ஊருக்குப் போகிற பத்து நாள். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கடை அடைத்திருக்கிறது. அப்பா காலத்திலும் இதேதான் நடந்தது, நானே பையனாக உள்ளே உட்கார்ந்து பொட்டலம் மடித்திருக்கிறேன். ஒரு நாள்கூட இது எனக்கு உறுத்தியதில்லை. போன ஞாயிறு "கர்த்தர் என் மேய்ப்பர்" பாடும்போது, புல்லுள்ள இடங்களில் என்ற வரி வந்ததும் குரல் நின்றுவிட்டது. வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மதுரை கணக்கர்

ஐயா, வணக்கம். நான் தொழிலால் ஆடிட்டர். உங்கள் மனசைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் வேதம் சொல்வதற்கு முன்னால் அரசாங்கமே இதைச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருஷத்தது. கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. 2021இல் அதே சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்காகக் கொண்டுவந்தார்கள். உங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலிதானே இருக்கும்?

"நாம வேற மாதிரி" என்று உங்கள் அப்பா சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனால்தான் சொல்கிறேன், சட்டம் கேட்கிற அளவுக்காவது முதலில் வரவேண்டும், அதற்கு மேலே போவதுதான் "வேற மாதிரி".

எங்கள் தொழிலில் நான் நினைத்துக்கொள்கிற ஒருவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த கிறிஸ்தவர், லண்டனில் கணக்கியல் படித்தவர். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது நிவாரண நிதிக் கணக்கு அவர் கையில் வந்தது. காந்தி அங்கே வந்தார். கூட வந்தவர்களின் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். தன் தலைவரிடமே சொன்னார்! அது இடிந்த வீட்டுக்காரனுக்கு என்று ஜனங்கள் கொடுத்த பணம், அவ்வளவுதான் அவர் கணக்கு. கடைசிக் காலத்தில் எங்கள் பக்கம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனில் வந்து தங்கினார், 1960இல் மதுரையில் இறந்தார். வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது சில நாள் அவரை நினைத்துப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். சில நாள் மூடாமலும் இருந்திருக்கிறேன்.

வேலூர் செவிலி

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு டியூட்டி வரும். பனையேறித் தாத்தா மாதிரிதான், விட முடியாத வேலை. நேற்று ஞாயிறு ராத்திரி பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர், பேச்சு வராது. படுக்கையிலேயே போய்விட்டார். துடைத்து, விரிப்பு மாற்றி, முதுகில் பவுடர் போட்டுத் திருப்பிப் படுக்க வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், வெட்கம். "எங்க அப்பாவா இருந்தா செய்ய மாட்டேனா ஐயா" என்றேன். நல்ல கையால் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மணி மூன்றரை. அதற்கு மேல் எனக்கு எந்தத் திருவிருந்தும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அடுத்த ஞாயிறு போய் முழங்காலில் நிற்பேன். ஆனால் அந்த நேரம் ஆண்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

பையன் பிறந்தால் ஆயிரம், பெண் பிறந்தால் ஐநூறு என்று வாங்குகிற இடங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். வாங்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். வாங்கியதில்லை. வாங்காததால் கூட இருந்தவர்கள் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்தினார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

வடக்கன்குளத்துக்காரன்

நான் கத்தோலிக்கன். இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, பையன்களுக்குச் சாப்பாடு தூக்குச்சட்டியில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா? உங்களைக் குறிவைத்துக் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்து ஒரே பீடத்தைப் பார்த்து ஜெபித்தார்கள். அந்தச் சுவரை இடித்தது 1910இல். உங்கள் புராட்டஸ்டண்ட் பக்கமும் அப்படித்தான்: கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் சபையை விட்டே வெளியேறினவர்கள் உண்டு. வேதம் வாசித்தவர்கள், கீர்த்தனை பாடினவர்கள், விடியற்காலை எழுந்து ஜெபம் பண்ணினவர்கள்தான் வெளியேறினார்கள்.

இன்றைக்குச் சுவர் இல்லை. திருமணத் தகவல் பக்கத்தைப் புரட்டுங்கள், "தேவபக்தியுள்ள" என்று ஒரு வார்த்தை, அடுத்த வார்த்தை என்ன என்று பாருங்கள். என் தங்கைக்கு வரன் தேடினபோது நானும் அந்த இரண்டு வார்த்தையையும் எழுதிக் கொடுத்தேன். இப்போது என் மகனுக்குப் பார்க்கிறோம். இரண்டாவது வார்த்தையை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறேன். அம்மா பதினைந்து நாளாக என்னிடம் பேசவில்லை.

தேரிக்காட்டான்

எல்லாம் சரி. ஆனால் ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்த இழை போகிற போக்கில் ஜெபமும் வேதவாசிப்பும் ஓய்வுநாளும் எல்லாம் வெளிவேஷம், சம்பளமும் லீவும்தான் கிறிஸ்தவம் என்று ஆகிவிடக் கூடாது. அதைச் செய்ய யூனியன் போதும். எங்க தாத்தா கலயத்தை விட்டுப் போனது கோயிலுக்கு! அந்த மணி அடித்ததால்தான் இந்தக் கலயம்.

நாசரேத் டீச்சர்

தேரிக்காட்டான் தம்பி, உங்க பயம் நியாயம். நானும் நாலரைக்கு எழுந்திருக்கிறவள்தான், அதை விட்டால் அன்றைக்கு முழுக்க வாயில் கசப்பு.

நம்ம வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர், 1912இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானவர், தெலுங்குப் பக்கத்துத் தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெறுகிற ஜனங்களை அவரவர் தலையில் கைவைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பார் என்பார்கள். பெரும்பாலும் எழுத்தறியாத கூலி ஜனங்கள். அவர்களுக்கு என்ன பிரசங்கம் தெரியும்? சாராயத்தை விட்டார்கள், பொய்ச்சாட்சிக்குப் போக மாட்டேன் என்றார்கள், பக்கத்துத் தெருக்காரன் அதைப் பார்த்தான். ஜெபம் இல்லாமல் அந்தத் தைரியம் வந்திருக்காது, நீங்கள் சொல்வதுதான். அண்ணாச்சிக்குப் பாட்டு நடுவில் குரல் நின்றதே, ஆராதனைக்குப் போனதால்தானே நின்றது. ஐந்தரை மணி ஜெபத்தை அவர் விட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். அந்தப் பையன்களின் பெயர் அதில் வருகிறதா?

பலசரக்கு

வரவில்லை டீச்சர். வியாபாரம் வரும், மகள் படிப்பு வரும், சபை ஐயர் (போதகர்) சுகம் வரும். அவர்கள் பெயர் வந்ததில்லை.

பலசரக்கு (ஐந்து வாரத்துக்குப் பிறகு)

கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஞாயிறு திறக்கவில்லை. ஷட்டரும் அடைப்பு, உள்ளேயும் வேலை இல்லை. முதல் ஞாயிறு "இன்னைக்கு முழு லீவு, சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றதும் செஞ்சிப் பையன் முகம் வெளுத்துவிட்டது. வேலையை விட்டு அனுப்பப் போகிறேன் என்று நினைத்திருக்கிறான். இப்போது பழகிவிட்டது. அவன் காலையிலேயே குளித்து வடபழனி முருகன் கோயிலுக்குப் போய்விடுகிறான். ஒடிசாப் பையன் பத்தரை வரைக்கும் தூங்குகிறான், அப்புறம் ஊருக்குப் போன் பேசுகிறான், ஒரு மணி நேரம் பேசுகிறான். மதியம் இரண்டு பேரும் எங்கள் வீட்டு மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். முதல் வாரம் வராமல் சமாளித்தார்கள், மகள் போய்க் கூப்பிட்ட பிறகு வந்தார்கள். இரண்டு ஸ்டூல் வாங்கிக் கடையில் போட்டிருக்கிறேன், கணக்கர் ஐயாவுக்கு நன்றி. விற்பனை கூடவில்லை. போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். மகளுக்கு அரசுக் கல்லூரிக்கும் மனு போட்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

பொட்டல வேலை வாரநாள் ராத்திரிக்கு மாறியதால் நானும் அவர்களோடு உட்கார வேண்டியதாயிற்று. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு பொட்டலம் போட உட்கார்ந்தேன். செஞ்சிப் பையன் தராசில் காலிக் கவரை வைத்து ஜீரோ பண்ணவில்லை. வெறும் தட்டில் ஜீரோ, அப்புறம் கவரோடு பருப்பைப் போட்டு 500 காட்டியதும் எடுத்துவிடுகிறான். "ஏன்டா கவரைக் கழிக்கல?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தீங்க" என்றான்.

நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்தார்.

கவரை மட்டும் நிறுத்துப் பார்த்தேன், 4 கிராம். வாரத்துக்குச் சுமார் 900 பொட்டலம். வாரம் 3 கிலோ 600 கிராம், வருஷத்துக்கு 187 கிலோ. இந்த இழையின் முதல் பதிவில் ஒரு கிராம் குறைத்ததில்லை என்று எழுதியிருக்கிறேன், அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்பக் கொடுத்தான். யாருக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது, பாதிப்பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். இப்போதைக்கு இப்படிச் செய்கிறேன்: காலிக் கவரை வைத்து ஜீரோ பண்ணி, 500க்குப் பதில் 516 போடச் சொல்லியிருக்கிறேன். எத்தனை வருஷம் என்று கணக்குப் போடவில்லை, கடை இருக்கிறவரைக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று பழைய வாடிக்கையம்மா ஒருவர், பெரிய கடையிலிருந்து திரும்பி வந்தவர், பருப்புப் பொட்டலத்தைத் தராசில் வைக்கச் சொன்னார். கவரைக் கழித்து வைத்தேன், 516 காட்டியது. "என்ன அண்ணாச்சி, கொசுறா?" என்று சிரித்தார்.

"இல்லம்மா, பாக்கி" என்றேன்.